சாக்லெட் தின்ற யானை

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. அபிஜான் நகரம். ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி. நைஜீரியாவை 2-1 என்று கவிழ்த்துவிட்டுக் கோப்பையைத் தூக்கியது ஐவரி கோஸ்ட். முதல் சுற்றில் ஈக்வடோரியல் கினியா என்கிற சுண்டைக்காய் நாட்டிடம் நாலு கோல் வாங்கி, நடுவழியில் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பி, செத்துப் பிழைத்து வந்த அணி அது. ஊர் தூங்கவில்லை.

அந்த அணிக்குப் பெயர் 'யானைகள்'. சட்டையில் யானை. அரசாங்க முத்திரையில் யானைத் தலை. நாட்டின் பெயரே தந்தக் கரை. (1980களில், பெயரை அவரவர் மொழியில் மாற்றக் கூடாது, பிரெஞ்சில் 'கோத் திவ்வார்' என்றே சொல்ல வேண்டும் என்று உலகத்துக்கெல்லாம் ஓலை அனுப்பினார்கள். நம் வாய்க்கு வருவது ஐவரி கோஸ்ட்தான். மன்னிக்கட்டும்.) நம்மூர் முந்திரி வியாபாரிகளுக்கு இந்த நாடு நன்றாகத் தெரியும். தூத்துக்குடியில் வந்து இறங்கும் கொட்டையில் ஒரு பங்கு அங்கிருந்து வருவது.

சரி, மைதானத்தில் யானை ஜெயித்துவிட்டது. காட்டில்?

2011-லிருந்து 2017 வரை அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களே 25 பாதுகாக்கப்பட்ட காடுகளில் இறங்கி யானையைத் தேடினார்கள். 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். யானை இருப்பது உறுதியானது நாலே நாலு காட்டில். மற்ற 21-இல் போர்டு இருக்கிறது, வரைபடத்தில் பச்சை வண்ணம் இருக்கிறது, யானை இல்லை.

யார் கொன்றது என்று கேட்டால் எல்லோரும் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தந்த வேட்டைக்காரன். கையில் துப்பாக்கி, கண்ணில் வெறி, பின்னால் ஒரு கடத்தல் கும்பல். டிஸ்கவரி சேனல் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வில்லனை ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் அவன் நாமில்லை.

வேட்டை நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நடந்தது, நடக்கிறது. ஆனால் வேட்டைக்காரன் யானையைக் கொன்றால், காடு என்று ஒன்று இருக்கும்வரை, மிச்சமிருக்கும் யானை குட்டி போடும். காடே இல்லாமல் போனால்? இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது அந்த நாட்டில் இருந்த காடு சுமார் 1 கோடியே 60 லட்சம் ஹெக்டேர். 2021-இல் அரசாங்கமே எடுத்த கணக்கில் மிச்சம் 30 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. எந்த வேட்டைக்காரனும் காட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது.

போனது எங்கே? உலகத்தில் விளையும் கொக்கோவில் நூற்றுக்கு நாற்பது பங்கு, கொஞ்சம் முன்னே பின்னே, ஐவரி கோஸ்டிலிருந்து வருகிறது. அங்கே போனது.

நான் பி.காம் படித்தவன். மிருகங்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். இந்த விஷயத்தில் விலங்கியலைவிடக் கணக்குப் பதிவியல்தான் உதவுகிறது என்பது என் கட்சி. முதல் வருஷப் பாடம் அது. ஒரு கம்பெனி தன் கட்டடத்தை விற்றுச் சாப்பிட்டுவிட்டு, வந்த பணத்தை 'இந்த வருட லாபம்' என்று எழுதினால் அதற்குப் பெயர் மோசடி. கொக்கோ கணக்கு முழுக்க அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். கன்னிக் காட்டை அழித்துக் கொக்கோ வைத்தால் முதல் இருபது, முப்பது வருஷம் ராஜ போகம். பல்லாயிரம் ஆண்டு இலை விழுந்து மக்கிய மண். உரம் வேண்டாம். களை குறைவு. பூச்சி, நோய் வந்து சேர நாளாகும். பிறகு மண் இளைக்கும், மரம் கிழடு தட்டும், நோய் நுழையும். அதே நிலத்தில் மறுபடி கன்று வைத்துத் தேற்ற உரச் செலவு, களை எடுக்கும் கூலி, மருந்து எல்லாம் சேர்ந்து விழி பிதுங்கிவிடும். பக்கத்தில் இன்னொரு காடு சும்மா நிற்கிறதே? அங்கே போய்விடு. பொருளாதார ஆய்வாளர்கள் இதற்கு 'காட்டு வாடகை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வாடகையை எல்லோரும் அனுபவித்தார்கள், காட்டுக்கு ஒருத்தரும் கொடுக்கவில்லை. அந்த நாட்டின் கொக்கோ வரலாறே இந்த நடைதான். கிழக்கில் ஆரம்பித்து, நடுவில் நகர்ந்து, மேற்கே போய், கடைசியில் தென்மேற்கு மூலைக் காட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மூலைக்குப் பெயர் தாய்.

தாய் தேசியப் பூங்கா. 1982-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்த காடு. மேற்கு ஆப்பிரிக்காவில் மிஞ்சியிருக்கும் ஆதி மழைக்காடுகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. இங்கே இருக்கும் சிம்பன்ஸிகள் ஒரு வேலை செய்யும். மரத்தின் வேரையோ ஒரு பாறையையோ பட்டறைக் கல்லாக வைத்து, அதன்மேல் கெட்டிக் கொட்டையை நிறுத்தி, கல்லாலோ கட்டையாலோ தட்டி உடைத்துப் பருப்பைத் தின்னும். ஓங்கி அடித்தால் பருப்பு கூழாகிவிடும். மெல்லத் தட்டினால் ஓடு உடையாது. குட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, தப்பும் தவறுமாகத் தட்டி, இந்தத் தொழிலைக் கற்றுத் தேறப் பல வருஷம் ஆகிறது. 1979 முதல் அங்கேயே தங்கி ஆராய்ந்த கிறிஸ்டோஃப் போஷ் என்கிற சுவிஸ்காரர் எழுதியதையெல்லாம் படித்தால் இன்னும் நிறைய இருக்கிறது. 2007-இல் இன்னொரு குழு தாய் காட்டில் மண்ணைத் தோண்டி, சிம்பன்ஸிகள் பயன்படுத்திய கல் சுத்தியல்களை எடுத்ததாக அறிவித்தது. வயது 4,300 வருடம். தலைமுறை தலைமுறையாக அம்மாவைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொண்டு வந்த தொழில், அந்தக் காட்டில் மனிதன் கொக்கோ என்ற சொல்லைக் கேட்பதற்கு நாலாயிரம் வருடம் முன்பே நடந்திருக்கிறது.

1989-90இல் அந்த நாட்டில் சிம்பன்ஸிகள் 8,000 முதல் 12,000 வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். சிம்பன்ஸியை நேராக எண்ண முடியாது; அது தினமும் சாயங்காலம் கிளைகளை வளைத்துப் புதுப் படுக்கை போடும், அந்தப் படுக்கைகளை எண்ணுவார்கள். 2007-இல் அதே இடங்களுக்குப் போய் மறுபடி எண்ணினார்கள். படுக்கைகள் 90 சதவீதம் குறைந்திருந்தன. பதினெட்டு வருஷத்தில்! பத்தில் ஒன்பது! ஒரு போர்க்களத்தில் இப்படி நடந்தால் அதற்கு வைக்கிற பெயர் வேறு.

போர் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கட்டுரைக்கு வரப்போகிற முதல் மறுப்பு அதுதான். '2002-இல் உள்நாட்டுக் கலவரம், 2011 வரை நாடு இரண்டாகக் கிடந்தது, அரசாங்கமே இல்லாதபோது காட்டை யார் காப்பது? கொக்கோவை ஏன் திட்டுகிறீர்கள்?' நியாயமான கேள்விதான். மராஹுவே தேசியப் பூங்காவில் அப்படித்தான் ஆச்சு. வெளிநாட்டு நிதி நின்றது, காவல் போனது, ஜனங்கள் உள்ளே போனார்கள். மோன் பெகோ பூங்காவை ஆயுதக் குழுத் தலைவன் ஒருவன் கையில் வைத்துக்கொண்டு பட்டா போடாத குறையாக நிலம் பிரித்துக் கொடுத்தான். 2013-இல்தான் அவனைப் பிடித்தார்கள். (பெகோ மலை என்றால் உள்ளூர் மொழியில் கழுதைப்புலிகளின் மலை என்று அர்த்தமாம்.) ஆனால் ஒரு கேள்வி. துப்பாக்கி ஏந்தியவன் காட்டுக்குள் நுழைந்து என்ன நட்டான்? மரவள்ளியா? கொக்கோ நட்டான். ஏன்? வாங்க ஆள் இருந்தது. போர் கதவைத் திறந்தது, உள்ளே வந்தது கொக்கோ. போர் நடந்தபோதும் மூட்டை வெளியே போய்க்கொண்டேதான் இருந்தது.

2010-2013இல் 23 பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொக்கோத் தோட்டமாகிவிட்டது என்றார்கள். 13 பகுதிகளில் குரங்கு வகை ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதெல்லாம் சட்டப்படி தோட்டம் போடக்கூடாத இடங்கள். 2017-இல் 'மைட்டி எர்த்' என்ற அமைப்பு அந்தப் பூங்காக்களுக்குள் விளைந்த கொக்கோவைப் பின்தொடர்ந்து போய், அது கார்கில், ஓலம், பாரி காலேபோ போன்ற பெரிய கொள்முதல் நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. தேசியப் பூங்காவுக்குள் அடி மரத்தில் தீ மூட்டி, நின்ற நிலையிலேயே பெரிய மரங்களைப் பட்டுப்போக வைத்து, அதன் கீழே நட்ட கொக்கோ. அதே வருடம் நவம்பரில் இரண்டு அரசாங்கங்களும் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகளும் கூடி உட்கார்ந்து 'இனி காட்டை அழித்த கொக்கோ வேண்டாம்' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இனிமேல்! திருடன் சத்தியம் செய்கிறான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். தின்று ஏப்பம் விட்ட பிறகு விரதம் இருப்பதில் சிரமம் என்ன?

இங்கே ஒரு சின்ன இடைவேளை. மூ டெங் ஞாபகமிருக்கிறதா? 2024 ஜூலையில் தாய்லாந்து மிருகக்காட்சி சாலை ஒன்றில் பிறந்த குட்டை நீர்யானைக் குட்டி. பளபள உடம்பு, பிதுங்கும் கழுத்து, காப்பாளரின் முழங்காலைக் கடிக்கும் குறும்பு. உலகமே அதன் வீடியோவைப் பார்த்துச் சொக்கிப்போனது. அந்த இனத்தின் சொந்த ஊர் தாய்லாந்து இல்லை. லைபீரியா, ஐவரி கோஸ்ட், சியரா லியோன், கினி, இந்த நாலு நாட்டுக் காடுகள்தான். தாய் பூங்கா அதன் முக்கியமான புகலிடங்களில் ஒன்று. காட்டில் மிஞ்சியிருப்பவை மொத்தமே 2,000 முதல் 3,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். ராத்திரியில் தனியாக நடமாடும், பகலில் ஓடைக் கரைப் புதரில் படுத்துக் கிடக்கும் பிராணி. ஓடைக் கரை வரை கொக்கோ வந்துவிட்டால் படுக்க இடம் இல்லை. கோடிக்கணக்கான பேர் மூ டெங்குக்கு லைக் போட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு கையில் போனும் மறு கையில் சாக்லெட்டுமாக இருந்திருப்பார்கள்?

உடனே 'சாக்லெட் சாப்பிடாதே' என்று உபதேசம் செய்யப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். நாளைக்கே நீங்கள் நிறுத்தினால் பட்டினி கிடக்கப் போவது ஏறக்குறைய பத்து லட்சம் சிறு விவசாயிகள். அவர்களிடம் இருப்பது ஆளுக்கு இரண்டு, மூன்று, மிஞ்சிப் போனால் ஐந்து ஹெக்டேர். 'விவசாயிக்கு நல்ல விலை கொடு, காடு பிழைக்கும்' என்று ஒரு கோஷம் இருக்கிறது. நல்ல மனசுக்காரர்களின் கோஷம். எனக்கு அதிலும் பாதிதான் உடன்பாடு.

1989-இல் உலகச் சந்தை விழுந்தபோது, ஐவரி கோஸ்ட் அரசாங்கம் விவசாயிக்குக் கொடுக்கும் விலையைப் பாதியாக வெட்டியது. விலை விழுந்தால் விளைச்சலைக் குறைப்பார்கள் என்று பாடப் புத்தகம் சொல்லும். அடுத்து வந்த பதினெட்டு வருஷத்தில் சிம்பன்ஸிகளுக்கு என்ன ஆச்சு என்று மேலே பார்த்தோம். கிலோவுக்குக் கிடைப்பது குறைந்தால் இன்னும் நாலு கிலோ சேர்த்து விளைவிக்க வேண்டும். அதற்குச் செலவில்லாத வழி இன்னும் கொஞ்சம் காடு. விலை ஏறினால்? லாபம் நன்றாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் காடு. ஏறினாலும் வெட்டு, இறங்கினாலும் வெட்டு. காட்டின் விலை பூஜ்யமாக இருக்கிறவரை கொக்கோவின் விலை எதுவாக இருந்தாலும் யானைக்கு ஒன்றுதான்.

அதற்காக விலையில் நடக்கிற அநியாயத்தைச் சொல்லாமல் விட முடியுமா? 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. சரித்திரத்தில் இல்லாத உச்சம். அந்தச் சமயம் ஐவரி கோஸ்ட் விவசாயிக்கு அரசாங்கம் நிர்ணயித்திருந்த விலை கிலோவுக்கு 1,800 சிஎஃப்ஏ பிராங்க். டன் கணக்கில் பார்த்தால் 3,000 டாலருக்கும் கீழே. பயிரைப் பல மாதம் முன்னாலேயே பழைய விலைக்கு விற்றாகிவிட்டது என்பது அரசாங்கத்தின் சமாதானம். உண்மைதான். 2025 அக்டோபரில் 2,800 பிராங்க் என்று உயர்த்தினார்கள். அதற்குள் சந்தை அந்த உச்சத்திலிருந்து ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருந்தது. விவசாயிக்கு எப்போதும் போன வருஷத்துச் சாப்பாடு.

மரத்தின் கதை இதைவிட விசித்திரம். 2014 வரை அந்த நாட்டுச் சட்டப்படி, உன் தோட்டத்தில் தானாக முளைத்து வளர்ந்த காட்டு மரம் உனக்குச் சொந்தமில்லை. அரசாங்கத்தின் சொத்து. அரசாங்கம் ஒரு மரக் கம்பெனிக்கு உரிமம் கொடுக்கும். அவன் ஒருநாள் ரம்பத்தோடு வந்து மரத்தைச் சாய்ப்பான், அது விழுகிற விழுச்சியில் உன் கொக்கோச் செடிகள் நசுங்கும், காசு அவனுக்கு. இப்படி ஒரு சட்டம் இருந்தால் புத்தியுள்ள எந்த விவசாயியும் என்ன செய்வான்? மரம் கன்றாக இருக்கும்போதே கிள்ளிப் போடுவான். செய்தார்கள். குரங்கு தாவ ஒரு கிளை மிஞ்சாமல் போனதற்கு இந்த ஒரு ஷரத்தும் காரணம். கொக்கோ நிழலில் வளரக்கூடிய செடி. பெரிய மரங்களை விட்டுவைத்தும் பயிர் செய்யலாம். ஆனால் மரத்தைக் காப்பவனுக்கு நஷ்டம், கொல்பவனுக்கு லாபம் என்று சட்டமே எழுதி வைத்தது. பிற்பாடு மாற்றினார்கள். மாற்றியதை எத்தனை கிராமத்தில் போய்ச் சொன்னார்கள், எத்தனை பேர் கையில் நிலத்துக்குக் காகிதம் இருக்கிறது என்பது தனிக் கதை.

அப்புறம் அதிரடி வைத்தியம் ஒன்று. 2016-இல் மோன் பெகோ பூங்காவிலிருந்து பல்லாயிரம் பேரை மொத்தமாகக் கிளப்பினார்கள். போக இடம் தயார் செய்யவில்லை. சுற்றியிருந்த கிராமங்களில் சோறில்லை, தண்ணீரில்லை. வேறு வனப்பகுதிகளில் வெளியேற்றம் என்ற பேரில் அடி உதை, காசு பறிப்பு என்று ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அதே வருடம் அறிக்கை கொடுத்தது. பத்து வருஷம் அந்தக் கொக்கோவை வாங்கி ஏற்றுமதி செய்து வரி வசூலித்த அரசாங்கம், திடீரென்று ஒருநாள் காலை வனப் பாசம் வந்து விவசாயியை மட்டும் குற்றவாளி என்கிறது. வாங்கியவன்மேல் வழக்கு உண்டா? திருட்டு நகையை வாங்கிய சேட்டையும் சேர்த்துத்தானே நம்மூரில் ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள்?

ஐரோப்பா இதைச் செய்யப் பார்த்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அழிக்கப்பட்ட காட்டில் விளைந்த கொக்கோவை உள்ளே விட மாட்டோம், எந்த நிலத்தில் விளைந்தது என்று புள்ளி வைத்துக் காட்டு என்று 2023-இல் சட்டம் போட்டார்கள். வாங்குகிறவன் கழுத்தில் மணி கட்டும் முதல் சட்டம், அதற்காகப் பாராட்டலாம். அமலுக்குக் கொண்டுவருவதை ஒரு முறை தள்ளிப் போட்டார்கள். இன்னொரு முறையும் தள்ளிப் போட்டார்கள். தேதியையும் கவனியுங்கள். காடு பெரும்பாலும் காலியான பிறகு வருகிற தேதி. உள்ளூர்ச் சட்டத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. அந்த உள்ளூர்ச் சட்டம் இத்தனை நாள் பூங்காக்களைக் காத்த லட்சணம் தெரிந்ததுதான்.

செய்ய வேண்டியது தெரியாமல் இல்லை. கிழட்டுத் தோட்டத்தை அதே இடத்தில் புதுப்பிக்க ஆகும் செலவை வாங்குகிறவன் தலையில் ஏற்று. தோட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் விவசாயிக்கு வருஷா வருஷம் காசு கொடு. அதாவது நூறு வருஷமாகத் தராத காட்டு வாடகையை இப்போதாவது கொடு. சாக்லெட் விலை ஏறுமா? ஏறும். ஏறட்டும். 2024-இல் ஏறவில்லையா? உறையின் அளவைச் சத்தமில்லாமல் குறைத்து நம் தலையில் கட்டவில்லையா? அப்போது வாய் திறக்காமல் வாங்கினோமே.

காட்டின் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டில் பங்கு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த நாட்டின் தென்கிழக்கு மூலையில் ஓர் உதாரணம் இருக்கிறது. கானா எல்லையை ஒட்டிய தானோ-ஏயி சதுப்புக் காடு. சின்னக் காடு, சுமார் 11,000 ஹெக்டேர். 2008 வாக்கில் அங்கே பாமாயில் தோட்டம் போட ஒரு திட்டம் வந்தது. இன்ஸா கோனே என்ற அந்த நாட்டுக் குரங்கின ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் சுற்றுக் கிராமத்துக்காரர்களோடு சேர்ந்து நின்றார்கள். வெளிநாட்டிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. 2009-இல் கம்பெனி பின்வாங்கியது. அதற்குப் பிறகு அந்தக் காட்டைச் சுற்றி வந்து காவல் காப்பது கிராமத்து ஆட்கள்தான். தேசியப் பூங்கா என்ற பட்டம் இல்லாமலே காடு நின்றது; பட்டம் வாங்கிய காடுகள் பலவற்றில் ஒரு குரங்குகூட மிஞ்சவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் தானோ காட்டில் முக்கியமாகத் தேடியது மிஸ் வால்ட்ரான் சிவப்புக் கொலபஸ் என்ற குரங்கை. 1978-க்குப் பிறகு விஞ்ஞானிகள் யாரும் அதை உயிரோடு பார்த்ததில்லை. 2000-இல், அழிந்தே போயிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் வேட்டைக்காரர் ஒருவரிடம் ஒரு தோல் கிடைத்தது. அதை நம்பித்தான் தானோவுக்குப் போனார்கள். அது கிடைக்கவில்லை. வெள்ளைத் தாடியும் நெற்றியில் வெள்ளைப் பட்டையுமாக ரோலவே என்ற இன்னொரு அபூர்வக் குரங்கு கிடைத்தது. உலகத்தில் அதற்கு மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு இடங்களில் தானோவும் ஒன்று.